வெற்றிலை வாய்

"இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்க ஐயா" என்று டாக்டர் பெனிட்டா சொன்னபோது பிரமநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் வழியில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வாயைத் திறந்ததற்குத்தான் அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. கோர்ட்டு வராந்தாவில், வெள்ளை உடுப்பின் குறுக்கே சிவப்பு டவாலியைப் போட்டுக்கொண்டு, வாதி பெயரையும் பிரதிவாதி பெயரையும் மும்மூன்று தடவை அவர் கூப்பிட்டால், கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிறவன் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவான். செத்தவன் பேரைக் கூப்பிட்டாலும் எந்திரிச்சு வந்திருவான்வே என்று வக்கீல் குமாஸ்தாக்கள் கேலி பண்ணுவார்கள். அப்பேர்ப்பட்ட வாய் இப்போது பாளையங்கோட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் மல்லாந்து, ஓரத்தில் எச்சில் உறிஞ்சுகிற குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் திறந்து கிடந்தது. கீழுதடு இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஊசி போட்ட கொஞ்ச நேரத்துக்குள் உதடு, பாதி நாக்கு, மோவாய் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விட்டன. வெளியே பெஞ்சில் ஆவுடை உட்கார்ந்திருப்பாள். மடியில் மஞ்சள் பை, பைக்குள் தண்ணீர்ப் பாட்டில். நர்ஸ் பிள்ளை யார் பெயரையோ கூப்பிடுகிறது, கொசு காதுக்குள் பாடுகிற மாதிரி. என்ன கூப்பிடுதல் இது, பெயரின் கடைசி எழுத்தை நீட்ட வேண்டாமா, நீட்டினால்தானே அவனவன் தன் பெயர்தான் என்று நிமிர்ந்து பார்ப்பான். சரி, நமக்கென்ன. நமக்கு இப்போது வேறு கவலை. இந்தப் பெண் ஊசி போடும் முன்னாலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். "இன்னைக்குக் கீழ்வரிசை. முடிச்சதும் நீங்க எனக்கு ஒரு பதில் சொல்லணும். வெத்தலையும் புகையிலையும் இன்னையோட விடுவீங்களா மாட்டீங்களா? விட்டீங்கன்னா பல்லைக் காப்பாத்தலாம். விடலைன்னா நான் எத்தனை தடவை சுத்தம் பண்ணினாலும் பிரயோசனம் கிடையாது. ஒவ்வொண்ணா ஆடி விழும். அப்புறம் பல்செட்டுதான்." அவர் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்று அவசர அவசரமாக வாயைத் திறந்துகொண்டார். அதுவரைக்கும் தப்பித்தது. கோர்ட்டில் வாய்தா வாங்குகிறவன் முகத்தை எத்தனை பார்த்திருக்கிறார், இன்றைக்கு அவருக்கே அந்த முகம் வந்திருந்தது.

மஞ்சள் காமாலை மட்டும் வராமலிருந்தால் இதெல்லாம் தெரிந்தே இருக்காது. ஆடி மாசம் கண் மஞ்சளாகி, கீழாநெல்லியும் மோரும் உப்பில்லாக் கஞ்சியுமாகப் பத்தியம். வெற்றிலைப் பெட்டியை ஆவுடை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். பத்தியம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும், காலையில் வாஷ்பேசினில் வாய் கொப்பளித்துத் துப்பினார். சிவப்பு. துப்பினால் சிவப்புதானே என்று ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து துப்பினால் சிவப்புதான். சுவர் மூலையில் சிவப்பு, கோர்ட்டுத் தோட்டத்துக் குரோட்டன்ஸ் செடியில் சிவப்பு, மாமனார் வீட்டு வெள்ளைச் சுவரில் தெறித்து ஒரு வாரம் பேச்சு வாங்கின சிவப்பு. பிறகுதான் புத்தியில் உறைத்தது. இப்போதுதான் வெற்றிலையே இல்லையே. அப்படியானால் இது எங்கிருந்து வருகிறது? டி.பி.தான், கோர்ட்டுச் சோடாக் கடை அண்ணாச்சிக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. இல்லை, அது இருமினால் அல்லவா வரும். அப்படியென்றால் மற்றது. அந்த மற்றதின் பெயரை மனசுக்குள்ளேகூடச் சொல்லாமல் குழாயைத் திறந்து பேசினைக் கழுவிவிட்டார். மறுநாளும் சிவப்பு. அதற்கு மறுநாளும். விரலால் கீழ் ஈறைத் தடவிப் பார்த்தால் விரலில் சிவப்பு. அப்போதுதான், பல் தேய்த்த விரலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், இது இன்றைக்கு வந்ததா அல்லது பல வருஷமாக வந்துகொண்டிருந்ததா என்று ஒரு கேள்வி எழுந்து அவரைப் போட்டு ஆட்டியது. எத்தனை வருஷமாக? யாருக்குத் தெரியும். சிவப்புக்குள் சிவப்பு போனால் யாருக்குத்தான் தெரியும். வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும் கோர்ட்டில் சான்றுப் பொருளாகிவிடும், இவர் வாயில் அது பட்டப்பகலில் நடந்து போயிருக்கிறது, சாட்சியே இல்லை.

கிர்ர்ரென்று அந்தக் கருவி பல்லின் அடியில் நுழைந்தது. வலி இல்லை. ஆனால் அதிர்வு தாடை வழியாகக் காதுக்குப் போய் மண்டைக்குள் சுற்றியது. தண்ணீர் பூப்பூவாகத் தெறித்துக் கண்ணாடியில் விழுந்தது. எடுக்கட்டும், எடுக்கட்டும். முதல் நாள் இந்தப் பெண் நுனியில் கோடு கோடாகக் குறி போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு, பக்கத்தில் நின்ற நர்ஸிடம் ஆறு, ஏழு, அஞ்சு, ஏழு என்று சொல்லிக்கொண்டே போனாள். என்னம்மா ஏலம் போடுதே என்று கேட்டார். மில்லிமீட்டராம். நல்ல ஈறு என்றால் ரெண்டு, மூணுக்குமேல் கம்பி இறங்காதாம். "உங்களுக்குப் பை மாதிரி எறங்கியிருக்கு ஐயா. அந்தப் பைக்குள்ள பிரஷ்ஷும் போகாது, கொப்பளிக்கிற தண்ணியும் போகாது. அழுக்கு சேந்து சேந்து காரையாயிருச்சு. காரை அடியில கிருமி உக்காந்து பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பைக் கரைச்சுக்கிட்டே போகுது" என்று எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினாள். கறுப்பும் வெள்ளையுமாக அவருடைய பல் வேர்கள், மழைக்காலத்துக்குப் பிறகு ஆற்றங்கரை மரத்தின் வேர் தெரிகிற மாதிரி. பார்க்கவே கூசியது. தன் எலும்பைத் தானே பார்ப்பது மரியாதைக் குறைவான காரியமாகப் பட்டது. அவர் விடவில்லை. எங்க ஆபீஸ்ல கந்தசாமின்னு ஒருத்தன், கிளீன் பண்ணுதேன்னு போனான், மறு மாசமே பல்லெல்லாம் ஆட ஆரம்பிச்சிட்டு, காரைதாம்மா பல்லைக் கெட்டியாப் புடிச்சிருக்கு, அதப் போயி எடுக்கலாமா என்றார். ஊரில் எல்லோரும் சொல்கிறதுதான். அவள் கோபப்படவில்லை. "காரை புடிச்சிக்கிட்டிருந்தது நெசந்தான் ஐயா. ஆனா அதுதான் உள்ள எல்லாத்தையும் தின்னுட்டு மேல நின்னு மறைச்சிக்கிட்டிருந்தது. ஆட்டம் ஏற்கெனவே வந்தாச்சு. எடுத்தப்பதான் அவருக்குத் தெரிஞ்சிருக்கு." அதைக் கேட்டதிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை. கெட்டிப் பல் என்று எவ்வளவு பெருமை. கோர்ட்டு எதிர்த்தாற்போல் சோடாக் கடையில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து காட்டுவார். ஜட்ஜையா வீட்டுப் பிள்ளைகள் கைதட்டும். பல் வலி என்று ஒரு நாள் லீவு போட்டதில்லை. அதுதான் விஷயமாம், வலிக்காதாம் இது. "வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பீங்கள்ல?" எவ்வளவு சரியாகச் சொன்னாள். ஈறு லேசாகக் கசிந்தால் அந்தப் பக்கம் தேய்ப்பதை விட்டுவிடுவார், புண்ணாகிவிடக் கூடாதே என்று. அது தப்பாம். தேய்க்காமல் விட்ட இடத்தில்தான் கிருமிக்குக் கொண்டாட்டமாம். ஆள்காட்டி விரலில் பற்பொடியை அள்ளிக் கரகரவென்று குறுக்கே தேய்த்தாரே, அதுவும் தப்பு. சாப்பிட்டுவிட்டு ஊக்கால் குத்தினாரே, அது பெரிய தப்பு. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காதது அதைவிட. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை ஏறும், ரெண்டும் கைகோத்துக்கொண்டு திரியும் என்றாள். கன்னத்தின் உள்பக்கத்தை விரல் வைத்துத் தடவிப் பார்த்து, "நீங்க பயப்படுற அந்த வியாதி இல்லை. இப்போதைக்கு இல்லை" என்றும் சொன்னாள். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று அவளிடம் சொல்லவே இல்லை. எப்படித் தெரிந்தது என்று இன்னும் விளங்கவில்லை.

கருவி ஒரு நிமிஷம் நின்றது. கிராம்பு வாசனை. எங்கிருந்தோ, பக்கத்து நாற்காலிக்காரருக்கு மருந்து வைக்கிறார்கள் போல. கிராம்பு வாசனை வந்தால் போதும், அவருக்கு மத்தியானம் வந்துவிடும். எந்த மத்தியானம்? எல்லா மத்தியானமும். கோர்ட்டு ஒன்றரைக்கு எழுந்தால் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு. அப்போது வீட்டில் பன்னிரண்டு பேர். அம்மா, மூன்று அண்ணன்கள், மதினிமார், பிள்ளைகள். அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பகலில் நின்று பேசினால் அம்மாவுக்குப் பிடிக்காது. "அங்கன என்ன ரகசியம்?" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வரும், அம்மா குரலுக்கு முன்னால் இவருடைய கோர்ட்டுக் குரலெல்லாம் ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில் ஆவுடையின் குரல் எப்படியிருக்கும் என்றே அவருக்குச் சரியாகத் தெரியாது. பாத்திரச் சத்தத்தையும் வளையல் சத்தத்தையும் வைத்துத்தான் இருக்கிற இடம் தெரியும். ஆனால் ஒரே ஒரு சலுகை உண்டு. சாப்பிட்டு எழுந்தால் வெற்றிலை மடித்துக் கொடுப்பது பெண்டாட்டி வேலை, அதை அம்மாவும் மறுக்க முடியாது. கூடத்து ஊஞ்சலுக்குப் பக்கத்தில் அவர் உட்காருவார், ஆவுடை தூணுக்கு அந்தப் பக்கம். பித்தளைப் பெட்டியைத் திறந்து காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை நகத்தால் உரித்து, சுண்ணாம்பைத் தடவி, சீவல் வைத்து, கிராம்பு குத்தி நீட்டுவாள். விரல் படாமல் வாங்க வேண்டும், பட்டால் சின்ன மதினி சிரிப்பாள். தனக்கும் ஒன்று மடித்துப் போட்டுக்கொள்வாள். பிறகுதான் விசேஷம். வாய் நிறைய வெற்றிலைச் சாறு, பேச வேண்டுமென்றால் மோவாயை மேலே தூக்கிக்கொண்டு உதட்டைப் பிரிக்காமல் பேச வேண்டும். மெய்யெழுத்தெல்லாம் சாற்றில் கரைந்து போய் உயிரெழுத்து மட்டும் மிதந்து வரும். மற்றவர்களுக்கு அது வெறும் ஊ, ஆ, ம். இவர்கள் ரெண்டு பேருக்கும் எப்படியோ அது புரிந்தது. எப்போதிலிருந்து புரிந்தது என்று கேட்டால் ரெண்டு பேருக்கும் தெரியாது. அம்மா எதிரிலேயே அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போவதற்கு என்ன பொய் சொல்வது என்று பெரிய அண்ணனை வைத்துக்கொண்டே முடிவு பண்ணினார்கள். "ரெண்டும் மாடு அசைபோடுத மாதிரி என்னத்தயோ மொனங்குதுவ" என்று அம்மா சொல்வாள், ஆவுடைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும், சிரித்தால் சாறு வழியும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவாள். ஒரு நாள், புரட்டாசி வெயில், கூடம் நிறைய ஆள், அவள் மோவாயைத் தூக்கிக்கொண்டு தூணைப் பார்த்தபடி, உ உ ஆ அ, இ உ ஏ என்றாள். முழுகாம இருக்கேன். அவர் சாற்றைச் சீவலோடும் புகையிலையோடும் சேர்த்து அப்படியே முழுங்கிவிட்டார். வேர்த்துக் கொட்டித் தலை சுற்றி, பாக்கு சொக்கிட்டு, பாக்கு சொக்கிட்டு என்று மதினிமார் சர்க்கரைத் தண்ணி கொண்டுவந்து புகட்டுகிறார்கள், அண்ணன் விசிறுகிறார், அம்மா கெட்ட வார்த்தையில் கடைக்காரனைத் திட்டுகிறாள், தூணுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மட்டும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டு பேர் இருந்த வீட்டில் ரெண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சேதி. அந்த மத்தியானத்தைப் போல ஒரு மத்தியானம் அதற்குப் பிறகு வரவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை, ஒன்று வந்ததே.

"வாய் வலிக்குதா ஐயா? வலிச்சாக் கையத் தூக்குங்க." கையைத் தூக்கவில்லை. வலிக்கிற இடத்தைக் கையால் காட்ட முடியாது டாக்டரம்மா. அம்மா போனாள், பாகம் பிரிந்தது, அண்ணன்கள் ஆளுக்கொரு ஊர், மகள் சங்கரி ஓசூரில். வீட்டில் ரெண்டே பேர். பேசாதே என்று சொல்ல ஒரு நாதி கிடையாது. நாள் முழுக்கப் பேசலாம், கத்திப் பேசலாம், பாட்டுக்கூடப் பாடலாம். பேசினார்களா? சோறு வைக்கட்டா. வை. மோட்டார் போட்டியளா. போட்டாச்சு. சங்கரி போன் பண்ணினா. என்ன சொன்னா. ஒண்ணுஞ் சொல்லல. அவ்வளவுதான். குறட்டை விடுகிறார் என்று ஆவுடை சொன்னதில் ரோஷப்பட்டுக் கட்டிலை மச்சுக்கு ஏற்றிக்கொண்டார், இறக்க யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் மத்தியானம் சாப்பிட்டுப் பெட்டியைத் திறந்தால் போதும். எப்படித்தான் வருமோ, ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம். பக்கத்து வீட்டு மருமகள், சங்கரி மாமியார், கோர்ட்டில் எப்போதோ நடந்த கொலைக் கேஸ், அவளுடைய அப்பா அவளை ஸ்கூலை விட்டு நிறுத்தின கதை. அந்தக் கதையைக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்குப் பிறகுதான் சொன்னாள், வாயில் வெற்றிலை இருந்ததால்தான் சொன்னாள், வெறும் வாயோடு என்றால் அழுதிருப்பாள். கொப்பளித்துத் துப்பிவிட்டு எழுந்தால் பிறகு மறுபடி சோறு வைக்கட்டா, வை. அவருக்கு வெற்றிலை பெரிதில்லை. புகையிலைகூடப் பெரிதில்லை, காமாலையில் ரெண்டு மாசம் விட்டுக் காட்டினாரே, தலை வலித்தது, எரிச்சல் வந்தது, போய்விட்டது. விட முடியாதது வேறு. இந்தக் காமாலைப் பத்தியத்தில்தான் அது தெரிந்தது. முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்தார். ஆவுடையும் வந்து உட்கார்ந்தாள். பெட்டி பரண்மேல். கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, மடியில் வைத்தாள், தரையில் வைத்தாள். வெயில் சாஸ்தியா இருக்கு என்றாள். ஆமா என்றார். மறுநாளும் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள், கொஞ்சம் படுக்கேன் என்று அவள் உள்ளே போய்விட்டாள். அவர் படியேறி மச்சுக்குப் போனார். ரெண்டு மாசம் அந்த வீட்டில் மத்தியானமே கிடையாது. காமாலை இறங்கி, பெட்டி இறங்கின அன்றைக்குத்தான் அவளுக்கும் அவருக்கும் உயிர் வந்தது, துப்பினால் அதில் என்ன கலந்து வருகிறதென்று தெரிந்திருந்தும் போட்டார். இதை இந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? பெண்டாட்டியோடு பேசுவதற்காக வெற்றிலை போடுகிறேன் என்று சொன்னால் சிரிக்கமாட்டாளா? அதற்கு வெற்றிலை எதற்கு ஐயா என்பாள். நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விக்குப் பதில் தெரியாமல் கூண்டில் நின்று முழித்தவர்களை எத்தனை பார்த்திருக்கிறார். பல்லா, மத்தியானமா? பல்லை விட்டால் செட்டு வாங்கிக்கொள்ளலாம். கழற்றித் தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கலாம். மத்தியானத்துக்குச் செட்டு எங்கே விற்கிறது? ஆனால் பல் போனால் சீவலை எதால் மெல்லுவது? அங்கேயும் போய் இடித்தது யோசனை. இப்படிப் போனாலும் மத்தியானம் போகும், அப்படிப் போனாலும் போகும், கொஞ்சம் முன்னே பின்னே. திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்து நின்றது மனசு, நுகத்தடியில் கட்டின செக்குமாடு மாதிரி. இந்தக் கருவி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கக் கூடாதா, கீழ்வரிசை முடியாமல் நீண்டுகொண்டே போகக் கூடாதா என்று ஆசைப்பட்டார். பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் கிடந்து இப்படி ஆசைப்பட்ட மனிதன் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நின்றுவிட்டது. நாற்காலி முனகிக்கொண்டு நிமிர்ந்தது. "கொப்பளிச்சுத் துப்புங்க." துப்பினார். சிவப்பு, அதோடு கறுப்புக் கறுப்பாகத் துணுக்குகள், சட்டி அடியில் சுரண்டின கரி மாதிரி. இத்தனையும் தன் வாயிலா இருந்தது என்று குனிந்து பார்த்தார். நாக்கின் மரக்காத பாதியால் பல்லைத் தொட்டார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி, காற்று போகிறது, கூசுகிறது. யாரோ ஒருவருடைய வாய். பயமாக இருந்தது, ஒரு ஓரத்தில் சுத்தமாகவும் இருந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே நர்ஸிடம் "கூட வந்தவங்களக் கூப்பிடு" என்றாள். ஆவுடை மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் முதலில் அவர் துப்பியிருந்த தொட்டியைத்தான் பார்த்தாள், பிறகு அவர் முகத்தை, ஒரு பக்கமாகத் தொங்கின உதட்டை. டாக்டர் மாதிரிப் பல்வரிசை ஒன்றை மேஜைமேல் வைத்து, மெத்தென்ற பிரஷ்ஷை ஈறோரமாகச் சாய்த்து வைத்துக் காட்டினாள். அழுத்தக் கூடாது, காலையிலும் ராத்திரி படுக்கும் முன்னாலும், பல் இடுக்குக்கு இந்தச் சின்ன பிரஷ், ஊக்கு ஆகாது, முதல் வாரம் ரத்தம் வந்தாலும் தேய்ப்பதை நிறுத்தக் கூடாது, ஈறு இறுகினால் தன்னால் நின்றுவிடும். அடுத்த வாரம் மேல்வரிசை. "கடவாய்ப் பல் ரெண்டு தாங்காது. மத்ததெல்லாம் நிக்கும், நீங்க மனசு வச்சா." பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு நேரே உட்கார்ந்தாள். "இப்பச் சொல்லுங்க ஐயா. விடுவீங்களா?"

பிரமநாயகம் வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தார். ஆனால் மரத்த உதட்டை மீறி, மோவாய் தானாக மேலே தூக்கிக்கொண்டு, அவர் நினைத்தே பார்க்காதது வெளியே வந்தது. ஊ, ஆ என்று ஒரு நீளமான சத்தம். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆவுடையைப் பார்த்தாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

ஆவுடைக்குப் புரிந்துவிட்டது. அவள் கை பையின் காதை இறுக்கிப் பிடித்ததிலேயே அவருக்குத் தெரிந்தது. விட்டுட்டா இவ எங்கூடப் பேசமாட்டாளே என்றுதான் அவர் சொல்லியிருந்தார். சொன்ன பிறகு திரும்ப வாங்க முடியவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். இந்த வயதில், ஒரு சின்னப் பெண்ணுக்கு எதிரில், என்ன பேச்சு.

"விட்டிருதேன்னு சொல்லுதாங்க" என்றாள் ஆவுடை.

டாக்டர் சிரித்தாள். "ரொம்ப சந்தோஷம். வீட்டுல நீங்கதான் பாத்துக்கணும்" என்று மாத்திரைச் சீட்டு எழுதக் குனிந்தாள். அந்த நேரத்தில்தான் ஆவுடை, வாயில் வெற்றிலையும் இல்லை, பாக்கும் இல்லை, மோவாயை மேலே தூக்கினாள். உதட்டைப் பிரிக்காமல், சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னாள். டாக்டர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள், தொண்டையைச் செருமுகிறாள் என்று நினைத்திருப்பாள், மறுபடி குனிந்துகொண்டாள். பிரமநாயகத்துக்கு ஒரு எழுத்து விடாமல் காதில் விழுந்தது. எனக்கும் ரத்தம் வருது. எத்தனை வருசமா வருதோ தெரியல. காமாலையில பொட்டியப் பரண்ல வச்சேம்லா, அப்பதான் எனக்கும் தெரிஞ்சுது. சொன்னா நீங்க பொட்டியத் தூக்கி எறிஞ்சிட்டு மச்சுக்குப் போயிருவியளோன்னு சொல்லல.

அவர் அவளைப் பார்த்தார். நல்ல வெளிச்சம் அந்த அறையில். அம்மா கிடையாது, தூண் கிடையாது, மறைப்பதற்கு வாயில் ஒன்றும் கிடையாது, இருந்தும் அவள் முகத்தை அப்படி வைத்துக்கொண்டு நின்றாள், ஒன்றுமே பேசாதவள் மாதிரி. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை, எதுவாயிருந்தாலும் பாதி முகத்தில்தான் வந்திருக்கும். எட்டி டாக்டரின் மேஜையைத் தட்டினார். ஆவுடையைக் காட்டி, நாற்காலியைக் காட்டி, தன் வாயைத் திறந்து விரலால் ஈறைக் காட்டினார். வேண்டாங்க, நான் இன்னொரு நாள் வாரேங்க, வீட்டுல அரிசி ஊறப்போட்டிருக்கேன் என்று ஆவுடை பின்னால் நகர்ந்தாள். டாக்டர் கேட்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். நாற்காலி சாய்ந்தபோது ஆவுடை ரெண்டு கையாலும் பிடியைப் பற்றிக்கொண்டாள். விளக்கு எரிந்தது. நர்ஸ் பிள்ளை அவரிடம், "கூட வந்தவங்க வெளிய இருக்கணும் ஐயா" என்றது.

சின்னக் கண்ணாடி உள்ளே போனது. திறந்த வாயோடு, விளக்குக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஆவுடை என்னவோ சொன்னாள். டாக்டர் கையை எடுத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவங்க என்ன சொல்றாங்க?"

பிரமநாயகம் தொங்கின உதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"என்னைய... இங்கனயே... நிக்கச் சொல்லுதா."

சொல்லிவிட்டு, அவள் கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டார்.